கேட்டில் ஓ.டி.பி., உள்ளே இருபது கிலோமீட்டர்: ஒரு வளாகப் பார்க்கிங் விமர்சனம்

எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களோடு எங்கள் கம்பெனிக்கு ஏ.எம்.சி., அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. பெயரைச் சொல்லிவிட்டு நாளைக்கு அதே கேட்டில் போய் நிற்க முடியாது. பெங்களூருவின் வெளி விளிம்பில், மெட்ரோ இன்னும் எட்டாத ஒரு பக்கத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றி அப்படி நிறைய இருக்கின்றன, யாருக்கும் பாதகமில்லை.

என் வேலை ஆய்வகத் தராசுகளுக்கு கேலிபரேஷன் செய்வது, அதாவது எடைக்கல் வைத்து அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது. சென்ட்ரிஃபியூஜ், ஆட்டோகிளேவ் மாதிரி லேப் இயந்திரங்களின் சர்வீசும் பார்ப்பேன். ஸ்ரீராம்புரத்தில் இருந்து ஆக்டிவாவில் கிளம்பும்போது முதுகில் டூல் பை, கால் வைக்கும் இடத்தில் எடைக்கற்கள் உள்ள பெட்டி. இப்படியே கல்லூரி கல்லூரியாகப் போய் வருவதால் எந்த வளாகத்தில் கேட் எப்படி, பார்க்கிங் எங்கே, எந்த ஸ்பீட் பிரேக்கரில் எழுந்து நின்று ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பிரியாணிக் கடைக்கு ஸ்டார் போடுகிறோம், பல் டாக்டருக்குப் போடுகிறோம். இதற்கும் போட்டால் என்ன?

முதலில் கேட். விசிட்டராகப் போனால் கியூ.ஆர். ஸ்கேன் செய்து பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க வந்தோம் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். உள்ளே இருக்கும் அந்த ஆளுக்கு ஓ.டி.பி. போகும். அவர் அதை நமக்குச் சொல்ல, நாம் செக்யூரிட்டிக்குச் சொல்ல, அவர் டேப்லெட்டில் தட்ட, கம்பம் மேலே போகும். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். ஆனால் என்னை வரச் சொன்ன பேராசிரியர் காலை ஒன்பதரைக்கு வகுப்பில் இருப்பார், போன் சைலன்டில் கிடக்கும். லேப் அசிஸ்டென்ட் எண்ணைப் போட்டால் 'ஹோஸ்ட் பட்டியலில் இல்லை' என்கிறது ஆப். வண்டியை ஓரங்கட்டி வெயிலில் நிற்க வேண்டியதுதான். அதற்குள் மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவரும் டெம்போ வரும். டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவார், கம்பம் தானாக மேலே போகும்.

அந்த கேட்டில் காலை ஷிப்டில் இருப்பவர் கோலார் தங்கவயல்காரர். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள், இவரும் அப்படித்தான். தமிழ் பேசுகிறவர் என்பதால் எனக்கு அவர்மேல் உரிமை அதிகம்.

"என்னாண்ணா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது தம்பி. இந்த டேப்புக்குத் தெரியணுமே."

அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? அவர் வேலை அவருக்கு.

கேட்டில் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2005 டிசம்பரில் இந்திய அறிவியல் கழகத்துக்குள் மாநாடு நடந்த அரங்கின் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு பேராசிரியர் இறந்தார். அதை மறக்காத ஊர் இது. யார் உள்ளே வருகிறார்கள் என்று எழுதி வைப்பது நியாயம். ஆனால் நான் வருகிற தேதி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பர்சேஸ் பிரிவில் என் ஆதார் நகல் இருக்கிறது. அந்தக் காகிதம் இருக்கும் அறையும் இந்த கேட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

சரி, உள்ளே போவோம். இங்கிருந்து பாராட்டு.

இந்த வளாகத்தின் ஸ்பீட் பிரேக்கர்களுக்கு நான் ரசிகன். சிரிக்காதீர்கள், என் பெட்டியைப் பற்றிச் சொன்னால் புரியும். அதில் இருப்பவை எஃப்-1 வகுப்பு எடைக்கற்கள். 200 கிராம் கல் என்றால் ஒரு மில்லிகிராம் வரைக்கும்தான் பிசகலாம், அதற்குமேல் போனால் அந்த வகுப்பிலேயே சேராது. ஒவ்வொரு கல்லும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும், கையால் தொடக்கூட மாட்டோம், இடுக்கிதான். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி எகிறி, கல் குழியை விட்டு வெளியே வந்து இன்னொன்றோடு உரசி ஒரு கீறல் விழுந்தால் போச்சு. மறுபடி லேபுக்கு அனுப்பி, சர்டிபிகேட் வாங்கி, அது வரும்வரை ஆபீசில் கடன் பெட்டி கேட்டு நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஸ்பீட் பிரேக்கர் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏதாவது குழந்தை மேல் வண்டி இடித்துவிடும், மறுநாள் காலையில் யாரோ அரை மூட்டை சிமென்டைக் கொட்டி வரப்பு மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். பெயின்ட் கிடையாது, போர்டு கிடையாது. ஆக்டிவாவின் அடிவயிறு அதில் இடிக்கும் சத்தம் எனக்கு இங்கே நெஞ்சில் கேட்கும். ஸ்பீட் பிரேக்கருக்கென்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் ஒரு அளவு வைத்தது. ஐ.ஆர்.சி. 99 என்று பெயர். அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் இருந்து வெட்டி எடுத்த வில் மாதிரி வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் வந்தால் வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நாற்பதில் வந்தால்தான் தூக்கிப் போடும். ஒழுங்காக ஓட்டுகிறவனுக்குத் தண்டனை இல்லை என்பதுதான் அந்த வடிவத்தின் அழகு.

இந்த வளாகத்தில் மெயின் ரோடு முழுக்க அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் லஞ்ச் நேரத்தில் அளவு டேப்பை எடுத்துக் குறுக்கே வைத்தே பார்த்துவிட்டேன், தொழில் புத்தி. மூன்றேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள், வெள்ளைக் கோடு அழியவில்லை, முன்கூட்டியே போர்டு இருக்கிறது. இதைப் போட்ட கான்ட்ராக்டர் யாரென்று தெரிந்தால் எங்கள் வார்டுக்குக் கையோடு கூட்டி வருவேன்.

வேக வரம்பு 20. கேட்டைத் தாண்டியதும் ஒரு பெட்டி நம் வேகத்தை எண்ணில் காட்டுகிறது, தாண்டினால் சிவப்பில் அழுமூஞ்சி. அபராதம் எதுவும் இல்லை, வெறும் முகம்தான். ஆனாலும் டியூக் பைக்கில் வருகிற பையன்கள்கூட அந்த இடத்தில் கையைத் தளர்த்துகிறார்கள். நடக்கிறவர்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30-க்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. இவர்கள் இன்னும் பத்து குறைத்திருக்கிறார்கள். வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் கால்வாசிதான், பள்ளிக்கூட இயற்பியல். ஆறு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு ரோட்டை அடைத்து நடக்கிற இடத்தில் இருபது சரியான எண்.

இது தனியார் வளாகம், வெளி வண்டி வராது, அதனால் எளிது என்று சொல்லலாம், உண்மைதான். பெங்களூர் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தைப் பாருங்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த இடம், அதன் நடுவே பொது ரோடு. மைசூர் ரோட்டில் இருந்து நாகரபாவி, உல்லால் பக்கம் போகிற ஊர் வண்டி எல்லாம் அதற்குள்தான் பாய்கிறது. 2022 அக்டோபரில் அங்கே ஒரு மாணவி பி.எம்.டி.சி. பஸ்ஸில் சிக்கிப் படுகாயமடைந்தபோது, வெளி வண்டிகளை உள்ளே விடாதே என்று மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு ரோட்டை மூடினால் ஊரின் ஒரு மூலையே நெரிசலில் மாட்டும். இங்கே எஸ்டேட் ஆபீசர் ஒரு சுற்றறிக்கை போட்டால் முடிந்தது. அப்படியிருந்தும் பல தனியார் வளாகங்கள் இதைச் செய்வதில்லை என்பதால் மார்க் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி பார்க்கிங். இங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை.

ஸ்டிக்கர் நிறத்தை வைத்து இடம். சிவப்பு ஆசிரியர்களுக்கு, அந்தந்த பிளாக் வாசலிலேயே கூரை போட்ட இடம். நீலம் அலுவலக ஊழியர்களுக்கு, கொஞ்சம் தள்ளி, பாதிக்குக் கூரை. பச்சை மாணவர்களுக்கு, கேட் ஓரம். மஞ்சள்தான் நாங்கள். கார் விசிட்டருக்கு நிர்வாகக் கட்டடத்துக்கு எதிரே இடம் இருக்கிறது, கட்டணம் 50 ரூபாய். டூவீலர் விசிட்டருக்கு இலவசம், ஆனால் கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்னால். அங்கிருந்து கெமிஸ்ட்ரி பிளாக் ஒரு கிலோமீட்டர் தாராளமாக வரும்.

நடக்கலாம்தானே என்பீர்கள். டூல் பை இல்லாமல் இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன். பேட்டரி வண்டி ஒன்று விடுகிறார்கள். பத்து மணிக்குமேல்தான் ஓடும், நிர்வாகக் கட்டடம், நூலகம், ஆடிட்டோரியம் என்று ஒரு வட்டம். லேப் பிளாக்குகள் அந்த வட்டத்திலேயே இல்லை. அட்மிஷனுக்கு வரும் பெற்றோருக்குச் சுற்றிக் காட்ட வாங்கிய வண்டி அது. பெயின்டிலேயே தெரிகிறது.

சரக்கு இறக்க ஒவ்வொரு பிளாக்குக்கும் பின்னால் பத்து நிமிடம் அனுமதி உண்டு. நல்ல விதி. ஆனால் நாலு சக்கர வண்டியாக இருக்க வேண்டும், கையில் டெலிவரி சலான் இருக்க வேண்டும். ஸ்கூட்டர் சரக்கு வண்டி ஆகாதாம். அந்த வளாகத்துக்கு வேலைக்கு வருகிறவர்களை ஒரு நாள் நின்று பாருங்கள். ஏ.சி. மெக்கானிக், பிளம்பர், ஃபைபர் கேபிள் பையன், தண்ணீர் ஃபில்டர் மாற்றுகிறவர், லிஃப்ட் சர்வீஸ் ஆள், நான். எல்லோருமே டூவீலர். எல்லோர் கையிலும் மூட்டை. அதனால் என்ன நடக்கிறது? பிளாக்குக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் போர்டு இல்லாத ஒரு பார்க்கிங் தானாக முளைத்திருக்கிறது. செக்யூரிட்டி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். மேலதிகாரி ரவுண்டு வருகிறார் என்றால் அவரே போனில் சொல்வார், நாங்கள் அலறியடித்துக்கொண்டு வண்டியை எடுப்போம். ஒரு கார் நிற்கிற இடத்தில் நாலைந்து ஸ்கூட்டர் நிற்கும். பிளாக்குக்கு ஒரு கார் இடத்தைக் கொடுத்தால் இந்த ஓட்டமே இருக்காது.

ஸ்டிக்கர் போடுகிறவர்களுக்கு வளாகத்தில் தங்கி வேலை செய்கிறவர்களைத் தெரிகிறது, படிக்கிறவர்களைத் தெரிகிறது, பணம் கட்ட வருகிறவர்களை நன்றாகவே தெரிகிறது. ரிப்பேருக்கு வருகிறவன் அவர்கள் பட்டியலில் இல்லை. தராசு தப்பாகக் காட்டினால் மட்டும் போன் வரும், 'எங்கே இருக்கிறீர்கள், சீக்கிரம் வாங்க' என்று.

ஊர் வழக்கத்தில் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று சொல்கிற இந்திய அறிவியல் கழகத்துக்குப் போகும்போது எனக்கு ஒரு பொறாமை வரும். குல்மோஹர் மார்க், மஹாகனி மார்க் என்று மரங்களின் பெயரில் ரோடுகள், பெரிய பேராசிரியர்களும் சைக்கிளில் போவார்கள். அங்கே கார் வைத்திருப்பது ஒரு தகுதியாகத் தெரியாது. இங்கே டிபார்ட்மென்ட் தலைவரின் கார் எத்தனை அடி நடையில் நிற்கிறது என்பதை வைத்தே அவர் செல்வாக்கைச் சொல்லிவிடலாம்.

அப்புறம் கிளாம்ப். தப்பான இடத்தில் நிறுத்தினால் சக்கரத்தில் மஞ்சள் பூட்டு, 500 ரூபாய். செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் காலி செய்யும் வாரத்தில் ஒரு காட்சி. தமிழ்நாட்டுப் பதிவு எண் கார், டிக்கி திறந்து கிடக்கிறது, அம்மா பக்கெட்டுக்குள் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு வருகிறார், பொண்ணு மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டிருக்கிறாள். முன் சக்கரத்தில் பூட்டு. அப்பா வாணியம்பாடிக்காரர், நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. பூட்டு போட்டவர் ஒடிசா பையன், அவனுக்கு இந்தி மட்டும். சூப்பர்வைசருக்குக் கன்னடம். நடுவில் நான்.

"ஏங்க, சாமானை ஏத்திட்டு இருக்கோம்ல? ஏத்தாம எப்படிப் போறது?"

நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். "ரூல்ஸ் சார்" என்று வந்தது பதில், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தி, ரசீது வேண்டாமென்றால் இருநூறில் முடித்துக்கொள்ளலாம் என்றார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வாணியம்பாடிக்காரர் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். "ரசீது குடுக்கச் சொல்லுங்க தம்பி" என்று ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். ரசீதில் 'இதர வரவுகள்' என்று அச்சாகி இருந்தது.

சட்டம் என்னவென்று நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் வசூலிக்க அரசு அதிகாரம் கொடுத்த ஆட்களால்தான் முடியும். தனியார் செக்யூரிட்டிக்கு அந்த அதிகாரம் இல்லை. வளாகம் வாங்குவது அவர்களுடைய சொந்த விதிப்படியான கட்டணம், அவ்வளவுதான். அப்படியென்றால் அதை உள்ளே நுழையும் இடத்திலேயே எழுதிப் போட வேண்டும். இங்கே அந்த போர்டு கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடிக்குப் பின்னால். பெங்களூரில் போலீஸே வண்டியைத் தூக்கிப் போவதை மக்கள் கொதித்ததால் 2022 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அதே மக்கள்தான் அடுத்த வருஷம் பிப்ரவரியில் நிலுவை அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி என்றதும் வரிசையில் நின்று நூறு கோடிக்கு மேல் கட்டினார்கள். எதற்கு வாங்குகிறாய் என்பது தெளிவாக இருந்தால் ஆட்கள் கட்டுவார்கள்.

சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தை அளவு பிசகாமல் போட்டிருக்கிறார்கள். 3.6 மீட்டர் அகலம், வாசலில் இருந்து 30 மீட்டருக்குள், சாய்தளம் வரை நீலக் கோடு. நான் பார்த்த நேரமெல்லாம் அதில் ஒரு வெள்ளை இன்னோவா நிற்கிறது, டிரைவர் உள்ளே தூங்குகிறார். அதற்கு மட்டும் கிளாம்ப் பூட்டு எட்டுவதில்லை போல. எலக்ட்ரிக் வண்டி சார்ஜ் செய்யும் இடத்தில் பெட்ரோல் புல்லட்கள். ஹெல்மெட் கேட்டில் கட்டாயம், பின்னால் உட்கார்ந்தவருக்கும்தான். ஐம்பது அடி தள்ளி எல்லோரும் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிடுகிறார்கள்.

வெண்டர் ஸ்டிக்கர் என்று ஒன்று இருக்கிறது, வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எமிஷன் சர்டிபிகேட் நகல் கொடுத்தால் ஹெட்லைட்டுக்கு மேலே ஒட்டும் சின்ன டேக் தருவார்கள். கம்பம் தானாகத் திறக்கும், ஓ.டி.பி. தொல்லை விட்டது. ஆனால் பார்க்கிங் அதே மைதானத்துக்குப் பின்னால்தான். என்னோடு வேலை செய்யும் பையன் வண்டி கிருஷ்ணகிரிப் பதிவு, அவனுக்கு டேக் தரவில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வண்டி ஓடினால் எண்ணை மாற்ற வேண்டும் என்று சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது, அதைக் காட்டினார்கள். அவன் வாரா வாரம் ஊருக்குப் போய் வருகிறவன், அந்த வண்டி இங்கே பன்னிரண்டு மாதம் தொடர்ந்து நின்றதே இல்லை. யார் கேட்கிறார்கள்? காரில் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: டேக்கைக் கண்ணாடியின் உள்பக்கம், ரியர் வியூ மிரருக்குப் பின்னால் ஒட்டுங்கள். வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் ரீடர் சில நேரம் படிக்காது, ஃபாஸ்டேகுக்கு வருகிற அதே தொல்லைதான். ஒரு முறை ஒட்டியதைப் பிய்த்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழிந்து டேக் செத்துவிடும்.

ஸ்டார் கேட்பீர்கள். வேகக் கட்டுப்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல். கேட்டுக்கு இரண்டு, அதில் ஒன்று மாரிக்குப்பம் அண்ணனுக்காக. கார் பார்க்கிங் நாலு. டூவீலர் விசிட்டர் பார்க்கிங்குக்கு ஒன்று, அதுவும் தரை சமமாக இருப்பதால். கிளாம்புக்கு நான் ஸ்டார் போடுவதாக இல்லை.

வேலையாக அங்கே போகிறவர்களுக்கு: பர்சேஸ் பிரிவில் முந்தின நாளே 'ஒர்க் பெர்மிட்' மெயில் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் மெஸ் கேட் வழியாக விடுகிறார்கள், ஓ.டி.பி. கேட்பதில்லை. எட்டரைக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்குப் பிறகு காலேஜ் பஸ்கள் வரிசை கட்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிழலுக்கு ஆசைப்பட்டால் சீட் மேல் ஒரு பழைய கோணியைப் போடுங்கள், மேலே காக்கைக் கூட்டம். பட்டமளிப்பு விழா அன்றைக்கு மட்டும் சர்வீஸ் கால் எடுக்கவே எடுக்காதீர்கள். அன்று மைதானம் முழுக்கக் கார், டூவீலர்களைக் கேட்டிலேயே திருப்பி விடுவார்கள். தப்ப முடியாவிட்டால் எதிரே டீக்கடை இருக்கிறது. இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியைப் பக்கத்துச் சந்தில் போட்டுக்கொள்வார், ஹெல்மெட்டையும் உள்ளே வாங்கி வைப்பார், ஓ.டி.பி. கேட்க மாட்டார்.